ஓவர்டைம் நோட்டும் பையரின் கையெழுத்தும்

கேள்வி: ஏற்றுமதி உடை தைக்கும் கம்பெனியில் வேலை செய்கிறேன். பே ஸ்லிப்பில் ஓவர்டைம் எப்போதும் குறைவாகவே வருகிறது. கேட்டால் "கம்ப்யூட்டரில் இவ்வளவுதான்" என்கிறார்கள். எப்படி நிரூபிப்பது?

பதில்: சொந்தமாக ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, உள்ளே போன நேரம், மெஷினை விட்டு எழுந்த நேரம், சாப்பாட்டுக்கு விட்ட நிமிடங்கள், லைன் நம்பர், அன்றைய டார்கெட், தைத்த பீஸ், வேலை வாங்கிய சூப்பர்வைசர் பெயர். அன்றன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாக எழுதிய நோட்டு விசாரணையில் முதல் கேள்விக்கே நிற்காது. வேலை முடிந்ததாகப் பஞ்ச் அடிக்கவைத்துவிட்டு மறுபடி மெஷினில் உட்காரச் சொல்கிறார்களா? அந்த நேரத்தைத் தனியாகக் குறியுங்கள். பெரும்பாலும் பணம் தொலைவது அங்கேதான். தினம் 40 நிமிடம் என்றால் 26 நாளில் 17 மணி 20 நிமிடம்.

நோட்டு வீட்டில் இருக்கட்டும். உள்ளே படம் எடுக்கத் தடை இருந்தால் எடுக்காதீர்கள். அதையே காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்துவார்கள். லேபிளில் உள்ள பிராண்ட் பெயர், ஸ்டைல் நம்பர், பிஓ (ஆர்டர்) நம்பர் இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்குப் போகும் பல உடைகளில் 'ஆர்என்' எண் இருக்கும். அந்நாட்டு வர்த்தக ஆணையத்தின் பதிவேட்டில் தேடினால் அது எந்த நிறுவனத்துக்குரியது என்று தெரியும். "அங்கே எங்கள் ஆர்டரே இல்லை" என்று பையர், அதாவது ஆர்டர் கொடுக்கும் பிராண்ட், கைவிரிக்காமல் இருக்க இந்த விவரம் தேவை.

அதே லைனில் நாலைந்து பேர் தனித்தனியாக எழுதுங்கள். புகாரைச் சங்கம் மூலம் கூட்டாகவே கொடுங்கள். தனியாகப் போகிறவரை வேறு லைனுக்கு மாற்றியே வேலையை விட வைத்துவிடுவார்கள். சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு நீக்குவதற்கு எதிரான பாதுகாப்பு சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 98ஆம் உடன்படிக்கையில் 1949 முதலே இருக்கிறது.

கேள்வி: தொழிற்சாலை நிலைமையைச் சோதிக்க வருடந்தோறும் ஆடிட் நடக்கிறது. சூப்பர்வைசர்களின் ஆபாசப் பேச்சும் சீண்டலும் மட்டும் ஏன் அறிக்கையில் வருவதில்லை?

பதில்: ஆடிட் பார்ப்பது பெரும்பாலும் காகிதத்தை. சீண்டலுக்கு ரசீது கிடையாது. பல இடங்களில் வருகிற தேதி முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. பேசப் போகிறவர்களைத் தேர்ந்தெடுத்துப் பதிலையும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பேட்டி நடப்பதோ கம்பெனிக்குள். அங்கே எந்தப் பெண் வாய் திறப்பாள்? 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் தையல் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த சில தொழிற்சாலைகளிலும் ஆடிட் நடந்திருந்தது. கட்டடம் இடிவதையே தடுக்காத முறை, வார்த்தையால் படும் காயத்தைக் கண்டுபிடிக்கும் என்று நம்ப முடியவில்லை.

பலன் தருவது, பையர் கையெழுத்திட்ட, மீறினால் விளைவு உள்ள ஒப்பந்தம். ஆப்பிரிக்க நாடான லெசோத்தோவில் 2019இல் தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் சேர்ந்து அப்படி ஒன்றைப் பெற்றன. புகாரை விசாரிப்பது கம்பெனி அல்ல, வெளியே உள்ள சுயேச்சையான அமைப்பு. அதன் முடிவைக் கம்பெனி ஏற்காவிட்டால் பையர் ஆர்டரைக் குறைக்க வேண்டும். வேலையிட வன்முறை, துன்புறுத்தல் பற்றி சர்வதேச தொழிலாளர் அமைப்பு அதே 2019இல் கொண்டுவந்த 190ஆம் உடன்படிக்கையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே ஒரு முறை நடந்தாலும் அது துன்புறுத்தல்தான் என்கிறது. கழிவறை, வேலைக்குப் போய்வரும் வழி, முதலாளி தரும் விடுதி எல்லாம் அதன் வரம்புக்குள் வருகின்றன. "கேட்டுக்கு வெளியே நடந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்ற பதில் அதன்முன் செல்லாது. உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா என்று மட்டும் சங்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் உடை வாங்குகிறவர். இதையெல்லாம் படித்தபின் இப்படித் தைக்கவைக்கும் பிராண்டை வாங்காமல் விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. சரிதானே?

பதில்: அங்கே தைக்கும் பெண்களே கேட்டால் வாங்காமல் விடுங்கள். கேட்காமல் விட்டால், பையர் ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டுக் கைகழுவிக்கொள்வார். புகார் சொன்னவர்களுக்குத்தான் வேலை போகும். அதற்குப் பதில் பிராண்டுக்கு எழுதிக் கேளுங்கள்: சப்ளையர் தொழிற்சாலைகளின் பெயர், முகவரியை வெளியிட்டிருக்கிறீர்களா? தொழிற்சங்கத்துடன் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இருக்கிறதா? ஆர்டர் உறுதியான பிறகு டிசைனை மாற்றினால் ஷிப்மென்ட் தேதியையும் தள்ளிவைக்கிறீர்களா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். தேதி தள்ளாத ஒவ்வொரு மாற்றமும் தையல் லைனில் இரவு ஓவர்டைமாகத்தான் போய் இறங்குகிறது.