சந்தாவும் சந்தேகமும்

கேள்வி: பார்க்காத சேனலுக்கெல்லாம் பணம் கட்டுகிறோமே என்று கேபிளை நிறுத்திவிட்டு ஓடிடிக்கு மாறினேன். இப்போது நான்கு சந்தா. கூட்டிப் பார்த்தால் பழைய தொகையைத் தாண்டுகிறது. போதாததற்கு விளம்பரம் வேறு. ஏமாந்துவிட்டேனா?

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் உங்களுக்காகக் கட்டிக்கொண்டிருந்த பணம் நின்றுபோயிற்று, அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு. சினிமா சேனலுக்கு எட்டுக் காசும் விளையாட்டு சேனலுக்கு இரண்டு காசும் தர உங்களுக்கு மனசு வரும். அவருக்கு நேர்மாறு. ஒவ்வொன்றும் எட்டுக் காசு என்று தனித்தனியாக விற்றால் ஆளுக்கு ஒன்றுதான் வாங்குவீர்கள், விற்பவருக்குப் பதினாறு. இரண்டையும் சேர்த்துப் பத்துக்குக் கொடுத்தால் இருபது வரும், இரண்டு வீட்டிலும் இரண்டு சேனலும் ஓடும். கூடுதலாக ஒரு வீட்டுக்கு ஒரு சேனலை அனுப்ப ஏறக்குறைய செலவே இல்லை என்பதால்தான் இது கட்டுப்படியானது. நாம் திட்டித் தீர்த்தது அந்த இரண்டு காசைத்தான். (விளையாட்டுப் பக்கமே போகாத வீடுகள் திட்டியதில் நியாயம் உண்டு. ஒளிபரப்பு உரிமையை ஏலம் எடுத்த பணம் அவர்கள் பில்லிலும் ஏறியது.)

நெட்ஃபிளிக்ஸ் 2007இல் இணையத்தில் படம் காட்ட ஆரம்பித்தபோது, பழைய படங்களை அதற்கு விற்பது ஸ்டுடியோக்களுக்கு உபரி வரும்படி. அப்புறம் அவர்களே கடை திறந்தார்கள். 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் வந்தது. ஆள் சேர வேண்டும் என்று விலையைக் குறைத்து நஷ்டத்தில் ஓட்டினார்கள். நீங்கள் மாறியது அந்தச் சமயத்தில் என்று நினைக்கிறேன். 2022இன் முதல் மூன்று மாதத்தில் நெட்ஃபிளிக்ஸே இரண்டு லட்சம் சந்தாதாரர்களை இழந்தது. லாபம் எங்கே என்று முதலீட்டாளர்கள் கேட்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் விளம்பரத்தோடு மலிவுத் திட்டம் வந்தது, அடுத்த ஆண்டு பாஸ்வேர்டைப் பகிர்வதற்குக் கெடுபிடி. விளம்பரத் திட்டத்தை உங்களுக்குச் செய்த உபகாரமாக நினைக்க வேண்டாம். அதில் உங்களிடமும் வாங்குகிறார்கள், விளம்பரம் தருபவரிடமும் வாங்குகிறார்கள்.

ஆனால் உங்கள் கையிலும் ஒன்று இருக்கிறது. கேபிளை நிறுத்த ஆள் வந்து பெட்டியைக் கழற்ற வேண்டும். ஆப்பை நிறுத்த அரை நிமிடம். அவர்களுடைய பெரிய பயமே அதுதான். வாரம் ஒரு எபிசோடாக இழுப்பதும், வருடச் சந்தாவுக்குத் தள்ளுபடி தருவதும் அதனால்தான். 2024இல் அமெரிக்காவில் டிஸ்னி பிளஸ், ஹுலு, மேக்ஸ் மூன்றையும் ஒரே சந்தாவாக விற்கத் தொடங்கிவிட்டார்கள். பழைய கேபிள் பேக்கேஜேதான்!

நான் ஒரு சமயத்தில் ஒரே சந்தாதான் வைத்திருப்பேன். சேர்ந்த அன்றே நிறுத்திவிடுவேன். கட்டிய மாதம் முடியும்வரை பெரும்பாலும் ஓடும். அதற்குள் பார்க்காத தொடர், நான் பார்க்க விரும்பாத தொடர்.

கேள்வி: ‘நிறுத்துகிறேன்’ என்றதும் தள்ளுபடி தருகிறார்களே, முதலிலேயே தந்தால் என்ன?

பதில்: முதலிலேயே தந்தால் கேட்காதவர்களுக்கும் தர வேண்டுமே! ஒரு கேபிள் நிறுவனத்தில் அந்த மேசையில் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தேன். ஒரு தாளில் மூன்று சலுகை இருக்கும், அதே வரிசையில்தான் சொல்ல வேண்டும். முதலாவது பெயருக்கு. இரண்டாவதிலேயே முக்கால்வாசிப் பேர் “சரி, இருக்கட்டும்” என்பார்கள். ஒரு பெரியவர் மட்டும் மூன்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்புறம்?” என்றார். தாளில் நான்காவது இல்லை.