மலை ஆற்று மணலிலிருந்து அக்காலத்தில் தங்கத்தை எப்படிப் பிரித்தெடுத்தார்கள்?

ஆற்று மணலைத் தட்டிலிட்டு நீரோடு சுழற்றி, கனமான பொன்துகளை அடியில் படியவிடுவதே தங்கம் அரித்தல். 1848-இல் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையடிவாரத்தில், கொலோமாவில் தங்கம் தென்பட்டபின் திரண்டவர்கள் முதலில் நம்பியது இம்முறையைத்தான். தங்கம் நீரைவிட ஏறத்தாழ 19 மடங்கும், மணல் இரண்டரை மடங்கும் கனமானவை என்பதால், அரிசி அரிக்கையில் கல் அடியில் நின்றுவிடுவதுபோல, மணல் வழிந்தோடியபின் தங்கம் எஞ்சும். பிறகு, குறுக்குச் சட்டங்கள் பதித்த நீண்ட மரவாய்க்கால்கள் வந்தன. அவற்றில் நுண்துகளைப் பிடிக்க ஊற்றிய பாதரசம் இன்றும் அப்பகுதி மீன்களில் காணப்படுவதே, என் பார்வையில், இவ்வரலாற்றின் மிகக் கொடிய பகுதி. பனி உருகிய குளிர்நீரில் நாள் முழுதும் நின்றவர்கள் கூடாரங்களில் உறங்கினார்கள். காய்கறி கிடைக்காமல் பலர் ஸ்கர்வி என்னும் வைட்டமின் சி குறைபாட்டு நோயுற்றார்கள். சென்றவர் அனைவரும் செல்வரானார்கள் என்பது தவறு. கிடைத்த பொன் பலருக்கு விலையேறிய உணவுக்கே செலவாக, அவர்களுக்குப் பொருள் விற்ற வணிகர்கள்தாம் பெரும்பாலும் செழித்தார்கள்.