மேலே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன வேலை?

கேள்வி: ஓடுவதும் குதிரை, தாண்டுவதும் குதிரை. சும்மா மேலே உட்கார்ந்து வருபவருக்கு எதற்கு ஒலிம்பிக் பதக்கம்? பென்டாத்லானில் குதிரைச் சவாரியை எடுத்துவிட்டார்களே, அதுபோல மொத்தமாகத் தூக்கிவிட்டால் என்ன?
– வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் கூப்பிட்ட சாட்சியே உங்களுக்கு எதிராகத்தான் பேசுகிறது. வாள்வீச்சு, நீச்சல், சவாரி என்று ஐந்து விளையாட்டுகளை ஒரே ஆள் ஆடும் போட்டி பென்டாத்லான். அதில் சவாரி இருந்தவரை சொந்தக் குதிரை கிடையாது. சீட்டுக் குலுக்கி ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். பழகிக்கொள்ள 20 நிமிடம். டோக்கியோவில் 2021 ஆகஸ்டில், வாள்வீச்சும் நீச்சலும் முடிந்து முதலிடத்தில் இருந்த ஜெர்மனியின் அனிகா ஷ்லாய்க்கு வாய்த்தது செயின்ட் பாய் என்ற குதிரை. சற்று முன்புதான் அது வேறொரு வீராங்கனையோடு போய், தாண்ட மாட்டேன் என்று மிரண்டு வந்திருந்தது. ஷ்லாய் அழுதுகொண்டே சவுக்கை வீசினார். வேலிக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் குதிரையை முஷ்டியால் குத்தி, போட்டியிலிருந்தே வெளியேற்றப்பட்டார். சவாரியில் ஷ்லாய்க்குச் சைபர். முடிவில் 31ஆம் இடம். எல்லாவற்றையும் குதிரையே பார்த்துக்கொள்ளும் என்றால் இந்தக் கூத்து ஏன் நடக்கிறது? அறிமுகமே இல்லாத குதிரையைக் கொடுத்த முறைதான் அங்கே தோற்றது. 2024 பாரிஸோடு பென்டாத்லான் சவாரியைக் கைவிட்டதும் அதனால்தான்.

குதிரையேற்றத்தின் ஜம்பிங் போட்டி வேறு ஜாதி. தடை ஒன்றரை மீட்டருக்கும் மேலே உயரும். முன்கூட்டியே களத்தை நடந்து பார்க்க மனிதருக்கு மட்டும்தான் அனுமதி. உள்ளே வந்த பிறகுதான் குதிரை அந்தத் தடைகளைப் பார்க்கிறது. நடக்கும்போது வீரர் காலால் அளக்கிறார். ஓர் எட்டு (ஒரு காலடி) 90 செ.மீ.; நான்கு எட்டு சேர்ந்தால் குதிரையின் ஒரு பாய்ச்சல், சுமார் 3.6 மீட்டர். இரண்டு தடைகளுக்கு நடுவே 24 எட்டு வந்தால், குதிரை தரையிறங்க இரண்டு, மறுபடி எம்ப இரண்டு கழித்து மீதி 20. ஐந்து பாய்ச்சல், பிரச்சினை இல்லை.

22 எட்டு வந்தால்? நாலரைப் பாய்ச்சல். அரைப் பாய்ச்சல் பாயும் குதிரை இன்னும் பிறக்கவில்லை! களம் அமைப்பவர் வேண்டுமென்றே வைக்கும் பொறி அது. நான்காக நீட்டினால் குதிரை தட்டையாகப் பாய்ந்து கம்பைத் தட்டும். ஐந்தாகச் சுருக்கினால் வேகம் செத்து, அடுத்து வரும் அகலத் தடைக்கு உந்துதல் போதாது. தடைக்கு மிக நெருங்கிவிட்டாலோ முன்னங்கால் மடங்க இடமிருக்காது. கம்பு உட்கார்ந்திருக்கும் கிண்ணமும் ஆழமற்றது. குளம்பு உரசினாலே உருண்டுவிடலாம். விழுந்தால் 4 தண்டப் புள்ளி. இரண்டாம் முறை குதிரை மறுத்து நின்றால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். நீட்டலா, சுருக்கலா என்ற முடிவை இடுப்பாலும் காலாலும் லகானாலும் குதிரைக்குச் சொல்வதுதான் மேலே ‘சும்மா’ உட்கார்ந்திருப்பவரின் வேலை.

டென்மார்க்கின் லிஸ் ஹார்டெலுக்கு போலியோவால் முழங்காலுக்குக் கீழே இயக்கம் இல்லை. குதிரை மீது ஏறவும் இறங்கவும் ஆள் வேண்டும். அவர்தான் 1952 ஹெல்சின்கியில், ஆண்களோடு மோதி, குதிரையை நடனம்போல நகர்த்தும் டிரெஸ்ஸாஜில் வெள்ளி வாங்கினார். இன்றும் ஆண், பெண் பிரிவே இல்லாத போட்டி இது.

தூக்கத்தான் வேண்டும் என்றால் வேறு காரணங்கள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டிருந்தால் நான் கொஞ்சம் திணறியிருப்பேன். பயிற்சியில் குதிரையின் காலில் திரும்பத் திரும்பச் சவுக்கால் அடித்த வீடியோ வெளியானதும் பிரிட்டனின் ஷார்லட் டூஜார்டின் பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகினார், ஓராண்டுத் தடை. டோக்கியோவில், திறந்தவெளியில் தடைகளைத் தாண்டி ஓடும் கிராஸ் கன்ட்ரியில் தசைநார் அறுந்த ஸ்விஸ் குதிரை ஜெட் செட்டைக் கருணைக் கொலை செய்ய நேர்ந்தது.

அடுத்தது பயணம். விமானக் கூண்டில் தலை உயரக் கட்டப்பட்டிருக்கும் குதிரையால் கழுத்தைத் தாழ்த்த முடியாது. தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாய்ச் சளி வடியும்; வடியாவிட்டால் நுரையீரலில் தொற்று. அதற்கும் மேலே நோய்த்தடுப்புச் சட்டம். 1956இல் ஆஸ்திரேலியாவின் குவாரன்டைன் விதியால், ஒலிம்பிக் மெல்போர்னில் நடக்க, குதிரைகள் மட்டும் ஐந்து மாதம் முன்பே ஸ்டாக்ஹோமில் போட்டியிட்டன. 2008 பெய்ஜிங்கிலும் அதே கதை, குதிரைகள் ஹாங்காங்கில். நம் பெங்களூரு ஃபவாத் மிர்சா டோக்கியோவில், டிரெஸ்ஸாஜ், கிராஸ் கன்ட்ரி, ஜம்பிங் மூன்றும் சேர்ந்த ஈவென்டிங்கில் 23ஆம் இடம் பிடிக்க, ஜெர்மனியில் தங்கித்தான் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது. இந்தியக் குதிரையை ஐரோப்பாவுக்கு அனுப்புவது அப்போது அவ்வளவு பெரிய தலைவலியாக இருந்தது.