புதுச் சாட்டைக்கு எவ்வளவு எண்ணெய்?

கேள்வி: முதன்முறையாக ஒரு தோல் புல்விப் (நீளமான பின்னல் சாட்டை) வாங்கியிருக்கிறேன். கங்காரு தோல், பன்னிரண்டு வார்ப் பின்னல். பிரம்பு மாதிரி விறைப்பாக இருக்கிறது. வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்தால் இளகிவிடும் என்கிறார் ஒரு நண்பர். விற்றவரோ ஒரு சின்ன டப்பாவில் பசை மாதிரி எதையோ கொடுத்து, "ரொம்பப் போடாதீங்க" என்று மட்டும் சொன்னார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: விற்றவர் பேச்சை. விற்பவரை நம்புங்கள் என்று இந்தப் பகுதியில் நான் எழுதுவது அபூர்வம், ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொன்னது சரி. கவனிக்காமல் கெட்டுப்போன சாட்டைகளைவிட, அளவுக்கு மீறிக் கவனித்துக் கெட்டுப்போன சாட்டைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். என் முதல் சாட்டையும் அப்படித்தான் போயிற்று. நீட்ஸ்ஃபுட் எண்ணெய் என்று ஒன்று உண்டு. மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது, தோலை மென்மையாக்குவதில் கெட்டிக்காரத்தனமானது. அதை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, சாட்டையைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் காலையில் கையில் இருந்தது சாட்டை இல்லை, ஈரத் துண்டு.

ஏன் அப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் எண்ணெய் டப்பாவைத் திறக்கவே கை தயங்கும். நல்ல சாட்டை ஒற்றைப் பின்னல் அல்ல. நடுவில் ஒரு தண்டு, அதன்மேல் தோல் உறை, அதன்மேல் உள்பின்னல், மறுபடி உறை, கடைசியாக நாம் பார்க்கும் வெளிப்பின்னல் என்று அடுக்கடுக்காகச் செய்வார்கள். ஒவ்வொரு அடுக்கும் அடுத்ததை இறுக்கிப் பிடித்திருப்பதால்தான் சாட்டைக்கு 'உடம்பு' இருக்கிறது. எண்ணெய் மிகுந்தால் தோலின் நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். வார்கள் நீளும், பின்னல் தளரும், நீண்ட வார் மெலிந்து கடைசியில் அறும். உள்ளே இறங்கிய எண்ணெயைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. போதாததற்கு, பிசுபிசுப்பில் மண் ஒட்டும். மணல் துகள் பின்னலுக்குள் போனால் அரம் போல வேலை செய்யும்.

சரி, விறைப்புக்கு என்ன செய்வது? பயன்படுத்துங்கள், அவ்வளவுதான். புதுச் செருப்பு காலுக்குப் பழகுவது போலத்தான் இதுவும். முதல் சில வாரங்களுக்குப் புல்தரையில், பெரிய வேகம் இல்லாமல், நிதானமாக வீசுங்கள். சத்தம் வரவில்லையே என்று பலத்தைக் கூட்ட வேண்டாம். கைப்பிடி முடிந்து சாட்டை வளையத் தொடங்கும் இடத்தைக் கையால் ஒடித்து வளைத்து இளக்கப் பார்க்கவே வேண்டாம். முழுச் சாட்டையிலும் அதிகம் சிரமப்படும் இடம் அதுதான்.

இன்னொன்றையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைக் கிடைமட்டமாகப் பிடித்து, மெதுவாக உருட்டுங்கள். ஏதோ ஒரு நிலையில் சாட்டை மற்ற நிலைகளைவிட இயல்பாகத் தொங்கும். அதுதான் அதன் இயற்கை வளைவு. சுருட்டி வைக்கும்போது அந்த வளைவை ஒட்டியே சுருட்டுங்கள், எதிர்ப்பக்கம் வேண்டாம்.

டப்பாவில் இருப்பது அநேகமாக மெழுகும் கொழுப்பும் கலந்த தோல் பசையாக இருக்கும். தொடர்ந்து பயன்படுத்தும் சாட்டைக்கு, தொட்டால் வறண்டு தெரியும்போது போட்டால் போதும். பலருக்கு அது சில மாதங்களுக்கு ஒருமுறைதான் தேவைப்படும். முதலில் உலர்ந்த துணியால் தூசியைத் துடையுங்கள். விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து, உள்ளங்கைச் சூட்டில் இளக்கி, கைப்பிடியிலிருந்து நுனி நோக்கி ஒரே ஓட்டமாக மெல்லிசாகத் தடவுங்கள். ஓர் இரவு விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியில் நிறைய வந்தால் நீங்கள் போட்டது அதிகம் என்று அர்த்தம். சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம், நாளானால் சிக்கு வாடை அடிக்கும். ஷூ பாலிஷும் வேண்டாம், அது தோலின் மேல்தான் பளபளக்கும், கையிலும் சட்டையிலும் ஒட்டும்.

கேள்வி: சாட்டை வாங்கி இரண்டே வாரம். நுனியில் இருக்கும் நூல் குஞ்சம் சிக்கெடுத்த தலைமுடி போல ஆகிவிட்டது. அதற்கு மேலே உள்ள ஒற்றை வாரும் நுனியில் பிசிறுகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை, அவை தேய்வதற்காகவே வைத்தவை. குஞ்சத்துக்கு கிராக்கர் என்று பெயர், அந்த ஒற்றை வாருக்கு ஃபால். சாட்டையைச் சொடுக்கும்போது ஒரு வளையம் உருவாகி, கைப்பிடியிலிருந்து நுனியை நோக்கி ஓடுகிறது. சாட்டை போகப்போக மெலிவதால் வளையத்தின் வேகம் ஏறிக்கொண்டே போய், முடிவில் ஒலியின் வேகத்தை, அதாவது நொடிக்குச் சுமார் 340 மீட்டரை, தாண்டிவிடுகிறது. நாம் கேட்கும் 'டப்' என்ற வெடிப்பு அதனால்தான், சாட்டை எதன்மேலும் பட்டு எழுவதல்ல. அத்தனை அடியையும் வாங்குவது கடைசி சில அங்குலங்கள். அங்கே மாற்றக்கூடிய இரண்டு உறுப்புகளை வைத்து, விலை உயர்ந்த பின்னலைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அதனால் குஞ்சம் இல்லாமல் ஒருமுறைகூடச் சொடுக்காதீர்கள். அது தேய்ந்து கட்டையானால் மாற்றுங்கள். நைலான் அல்லது பாலியெஸ்டர் நூலை முறுக்கி நீங்களே செய்துகொள்ளலாம், ஒரே மாலையில் பத்துப் பதினைந்து முறுக்கிவிடலாம். ஃபாலின் நுனி பிசிறினால், பிசிறிய அளவை மட்டும் வெட்டிவிட்டுக் குஞ்சத்தை மறுபடி முடியுங்கள். இப்படி வெட்டி வெட்டி ஃபால் குட்டையாகி, சாட்டை கையில் வேறு மாதிரி ஓட ஆரம்பிக்கும்போது ஃபாலையே மாற்ற வேண்டும். சாட்டை வாங்கும்போதே உபரியாக இரண்டு ஃபால் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். ஃபாலை மாற்றும்போது பழைய முடிச்சைக் கத்தியால் அறுக்க வேண்டாம். பின்னலின் கடைசி வார்கள்தான் அந்த முடிச்சாக இருக்கின்றன. மழுங்கிய ஊசியை நுழைத்துப் பொறுமையாக நெகிழ்த்துங்கள். எந்தச் சுற்று எப்படிப் போகிறது என்று அவிழ்க்கும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

முன்பு எண்ணெய் விஷயத்தில் கை நீட்டாதீர்கள் என்றேன் இல்லையா, ஃபால் அதற்கு விலக்கு. தரையில் உரசி, காற்றில் அடிபட்டு வறளும் உறுப்பு அது. மடித்துப் பார்த்தால் வெளிறிக் கோடு விழுகிறதா? பசை போடுங்கள். கெட்டாலும் போவது ஒரு வார்தான்.

கான்கிரீட், தார்ச்சாலை, சரளை மூன்றும் வேண்டாம். ஒரு மாதத்தில் தேய வேண்டியது ஒரே மணி நேரத்தில் தேயும்.

கேள்வி: எட்டடிச் சாட்டை என்று வாங்கினேன். நுனிவரை அளந்தால் கிட்டத்தட்டப் பதினொரு அடி இருக்கிறது. மாற்றி அனுப்பிவிட்டார்களா?

பதில்: சரியாகத்தான் அனுப்பியிருக்கிறார்கள். புல்விப்பைக் கைப்பிடியின் அடியிலிருந்து பின்னல் முடியும் இடம்வரைதான் அளப்பது வழக்கம். ஃபாலும் கிராக்கரும் கணக்கில் வராது, அவை இரண்டும் சேர்ந்து மூன்றடி வரை கூட்டும். ஸ்டாக்விப் என்னும் இன்னொரு வகையில் கைப்பிடியே கணக்கில் வராது. ஆகவே இரண்டு வகைகளின் விலையை ஒப்பிடும் முன், எதிலிருந்து எதுவரை அளந்தது என்று கேளுங்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஆறிலிருந்து எட்டடி தாராளம். நீளம் கூடக்கூடக் கனமும் கூடும், திரும்பி வந்து முதுகில் பதியவும் வாய்ப்பு கூடும். எதுவானாலும் கண்ணாடி, தொப்பி, முழுக்கைச் சட்டை இல்லாமல் எடுக்காதீர்கள். பயிற்சி நீண்டால் காதுக்கும் அடைப்பு வேண்டும்.

கேள்வி: பயிற்சியின்போது மழை பிடித்துக்கொண்டது, சாட்டை நன்றாக நனைந்துவிட்டது. ஹேர் டிரையர் காட்டலாமா? சாதாரணமாக எங்கே, எப்படி வைப்பது?

பதில்: டிரையர் வேண்டாம், வெயிலும் வேண்டாம். சூட்டில் சட்டென்று உலரும் தோல் சுருங்கி முறுகும். உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, தளர்வாகச் சுருட்டி, காற்றோட்டமான நிழலில் ஓரிரு நாள் விட்டுவிடுங்கள். உள்ளடுக்குகள் உலர வெளியடுக்கைவிட நேரமாகும், தொட்டுப் பார்த்து அவசரப்பட வேண்டாம். முழுக்க உலர்ந்த பிறகு மெல்லிசாக ஒரு கை பசை. ஈரம் இருக்கும்வரை சொடுக்கவே கூடாது. நனைந்த தோல் எளிதில் நீளும், அந்த நேரத்தில் இழுபடுகிற வார் பழைய அளவுக்குத் திரும்பாது.

வைப்பதற்குத் தனி அலமாரி எல்லாம் தேவையில்லை. பெரிய வளையங்களாகச் சுருட்டித் தட்டையாக வைக்கலாம், அல்லது தடித்த உருண்டையான தாங்கியில் மாட்டலாம். ஆணியில் மாட்டினால் ஆணி பட்ட இடத்தில் நிரந்தர மடிப்பு விழும். கைப்பிடியைச் சுற்றி இறுக்கிச் சுற்றுவதும் அதே தப்பு. பிளாஸ்டிக் பையில் மூடினால் பூசணம் வரும், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் வெந்து வறளும். நாய் வளர்க்கிறவர்கள் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். அதற்கு இது முதல்தரமான எலும்புத் துண்டு!

அடிக்கடி மழையில் பயிற்சி செய்ய நேரும் என்றால், நைலான் கயிற்றில் பின்னிய சாட்டை ஒன்றையும் யோசித்துப் பாருங்கள். தோலின் கனமும் ஓட்டமும் அதில் அப்படியே வராது. ஆனால் ஈரத்துக்கு அஞ்சாது, எண்ணெயும் கேட்காது.

கேள்வி: ஆறு மாதம் பெட்டியில் இருந்த சாட்டையில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம், முதலில் முகர்ந்து பாருங்கள். வாடை இல்லாமல், விரலால் தேய்த்தால் கரைந்து மறைகிறதென்றால், அது தோலுக்குள் இருந்த கொழுப்பு வெளியே வந்து படிந்தது. துணியால் தேய்த்தால் போதும். புதிதாக எதுவும் போட வேண்டாம், உள்ளே ஏற்கெனவே நிறைய இருக்கிறது என்றுதான் அது சொல்கிறது. புழுக்க வாடையோடு, பஞ்சுபோல, திட்டுத் திட்டாக இருந்தால் பூசணம். வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, காற்றாட விட்டு, வைக்கும் இடத்தை மாற்றுங்கள். தேய்த்தால் செம்மண் போலப் பொடி உதிர்ந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். தோலே சிதைகிறது, எந்தப் பசையாலும் அதைத் திருப்ப முடியாது. பழைய சாட்டையை வாங்கப் போகிறவர்கள் பேரம் பேசும் முன் இதைத் தேய்த்துப் பாருங்கள்.

கேள்வி: பின்னலின் நடுவில் ஒரே ஒரு வார் அறுந்துவிட்டது. கோந்து வைத்து ஒட்டிப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. ஒட்டிய இடம் விறைத்து, பக்கத்து வார்களைத் தின்ன ஆரம்பிக்கும். பயன்படுத்துவதை உடனே நிறுத்திவிட்டுச் செய்தவருக்கு எழுதுங்கள். ஒரு வாரைச் செருகிப் பின்ன அவரால் முடியும், நாலைந்து வார்கள் போன பிறகு அனுப்பினால் வெளிப்பின்னல் முழுவதையும் பிரிக்க வேண்டிவரும். சாட்டை புதிது, கான்கிரீட்டிலோ ஈரத்திலோ வீசவில்லை என்றால், அது தயாரிப்புக் குறையாக இருக்கலாம், இலவசமாகச் சரிசெய்து தரச் சொல்லிக் கேளுங்கள். அறுந்த முனையை ஒட்ட வெட்டிவிடாமல் அப்படியே படம் எடுத்து அனுப்புங்கள். சீராக அறுந்ததா, மெலிந்து இற்றுப்போனதா என்று அந்த முனையைப் பார்த்தே சொல்லிவிடுவார். இற்றிருந்தால் "எண்ணெய் போட்டீங்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும்.