ஹாரோவில் யார் ஜெயிப்பார்கள்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பிரிட்டன் அரசியல் பற்றிப் பெங்களூர் வாசகர்கள் இவ்வளவு கேட்கிறீர்கள் என்றால் அதில் ஆச்சரியம் இல்லை, நம் வீட்டுப் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கேதான் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். அடுத்த பொதுத் தேர்தல் 2029 ஆகஸ்டுக்குள் நடந்தாக வேண்டும். வந்த கேள்விகளில் சில இங்கே.

என் மகன் லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கிறான். அங்கே எல்லாக் கட்சி வேட்பாளரும் ஒரே மேடையில் உட்கார்ந்து ஜனங்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வார்களாமே, நிஜமா? அடிதடி ஆகாதா?
– ஓர் அம்மா, அல்சூர்

நிஜம்தான் அம்மா. ஹஸ்டிங்ஸ் என்கிறார்கள். சர்ச் ஹாலிலோ பள்ளிக்கூடத்திலோ ஒரு நீள மேசை போட்டு, வேட்பாளர்களை வரிசையாக உட்கார வைத்து, முன்னால் பெயர் அட்டை வைத்துவிடுவார்கள். பல இடங்களில் வாசலிலேயே துண்டுச் சீட்டில் கேள்வியை எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். கூட்டத்தை நடத்துகிறவர் அதைப் படிக்க, ஆளுக்கு ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று கணக்காகப் பதில். குப்பை வண்டி ஏன் நேரத்துக்கு வருவதில்லை, ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஏன் இத்தனை மணி நேரம் காக்க வேண்டியிருக்கிறது என்பதில் ஆரம்பித்து காஸா, குடியேற்றம் வரைக்கும் போகும். கூச்சல் வரும், அடிதடி அபூர்வம். நடத்துகிறவர்கள் நியாயமான காரணம் இல்லாமல் ஒருசிலரை மட்டும் கூப்பிட்டால், அந்தச் செலவு தேர்தல் பிரசாரச் செலவுக் கணக்கில் வந்துவிடக்கூடும். அதனால் பொதுவாக எல்லாரையும் அழைக்கிறார்கள். ஜெயிப்பது உறுதி என்று நினைக்கிறவர்கள் சிலர் வராமல் இருப்பதும் நடக்கிறது, அது எனக்குப் பிடிக்காத விஷயம். எம்.பி. வேலைக்கு ஆள் கேட்கிறபோது நேர்முகத் தேர்வுக்கு வரமாட்டேன் என்றால் எப்படி?

இது அங்கே நடக்க முடிவதற்கு ஒரு காரணம் தொகுதியின் அளவு. மொத்தம் 650 தொகுதிகள், ஒன்றுக்குச் சுமார் 70,000 முதல் 77,000 வாக்காளர்கள். நம் பெங்களூர் மக்களவைத் தொகுதிகளில் 20 லட்சத்துக்கு மேல்.

உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள். கைதட்டலை வைத்து யார் ஜெயிப்பார் என்று கணிக்க வேண்டாம், அங்கே வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

கருத்துக்கணிப்பு இப்போது தொகுதி வாரியாகவே வருகிறது. நம்பலாமா?
– கல்லூரி ஆசிரியர், ஜெயநகர்

பாதி நம்பலாம் ஐயா. எம்.ஆர்.பி. என்று ஒரு முறை. நாடு முழுக்க ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்டு, எந்த வயது, எந்தப் படிப்பு, சொந்த வீடா வாடகையா, போன தடவை யாருக்குப் போட்டார் என்று பிரித்து, அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு தொகுதியிலும் எத்தனை பேர் என்று கணக்குப் போடுகிறார்கள். 2017-ல் காலங்காலமாகக் கன்சர்வேடிவ் கட்சியின் கோட்டையாக இருந்த கேன்டர்பரி தொகுதி லேபர் கட்சி பக்கம் போகலாம் என்று யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் இப்படித்தான் சொன்னது, பலர் நம்பவில்லை, லேபர் வேட்பாளர் ரோஸி டஃபீல்ட் 187 ஓட்டில் ஜெயித்தார்.

ஆனால் இந்தக் கணக்குக்குத் தெரிந்தது தொகுதியில் எப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பது. அந்தத் தெருவில் என்ன கோபம் ஓடுகிறது என்பது அதற்கு அவ்வளவாகத் தெரியாது. 2024 ஜூலை 4-ஐப் பாருங்கள். லேபர் 411 இடம் பிடித்த நாள், வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பும் 410 என்று கிட்டத்தட்ட சரியாகவே சொன்னது. அதே நாளில் லேபரின் நிழல் அமைச்சர்கள், அதாவது எதிர்க்கட்சியாக இருந்தபோது ஆளுக்கொரு துறையைக் கவனித்தவர்கள், சிலர் தோற்றார்கள். தமிழ் வம்சாவளியில் வந்த தங்கம் டெபனேர் பிரிஸ்டல் சென்ட்ரலில் பசுமைக் கட்சியிடம் தோற்றார், லெஸ்டர் சவுத்தில் ஜோனதன் ஆஷ்வொர்த் ஒரு சுயேச்சையிடம் 979 ஓட்டில் போனார். பக்கத்திலேயே லெஸ்டர் ஈஸ்ட்டில் பழைய லேபர் எம்.பி.க்கள் இருவர் தனியாக நின்று ஓட்டைப் பிரிக்க, அந்த இடம் கன்சர்வேடிவுக்குப் போனது. நாடு முழுக்க அந்தக் கட்சி சரிந்த அன்றைக்கு! அலை எந்தப் பக்கம் என்று டில்லியிலோ லண்டனிலோ உட்கார்ந்து சொல்லிவிடலாம், ஒரு தொகுதியைச் சொல்ல அங்கே நடந்து பார்த்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று, ஓட்டு சதவீதத்தைப் பார்த்து இடங்களைக் கணக்கிடாதீர்கள். அதே 2024 தேர்தலில் ரிஃபார்ம் கட்சிக்கு 14.3 சதவீதம், கிடைத்தது 5 இடம். லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 12.2 சதவீதம், 72 இடம். அவர்கள் ஓட்டு தேவையான தொகுதிகளில் குவிந்திருந்தது, அவ்வளவுதான்.

நான் இந்திய பாஸ்போர்ட்டில் படிக்கப் போகிறேன். எனக்கு ஓட்டு உண்டா?
– மாணவி, ராமமூர்த்தி நகர்

உண்டு தங்கச்சி. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவோடு அங்கே வசித்தால் பதிவு செய்து பொதுத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். இங்கே இருந்து போகிற நிறையப் பேருக்கு இது தெரியாமலே வருஷங்கள் ஓடிவிடுகின்றன. போனதும் பதிவு செய்துவிடுங்கள். சாவடியில் புகைப்பட அடையாளம் கட்டாயம், நம் பாஸ்போர்ட் செல்லும். காகிதச் சீட்டில் பென்சிலாலோ பேனாவாலோ பெருக்கல் குறி போட வேண்டும், நம்மைப் போல மெஷின் கிடையாது.

ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும்?
– வாசகர், விவேக் நகர்

2024-ல் ஹாரோவுக்குப் பக்கத்துத் தொகுதியான ஹெண்டனில் லேபர் ஜெயித்தது 15 ஓட்டில். 1997-ல் வின்செஸ்டரில் வித்தியாசம் 2 ஓட்டு. தோற்றவர் கோர்ட்டுக்குப் போய் மறுதேர்தல் வந்தது, அதில் அவர் 21,556 ஓட்டில் தோற்றார்.

தமிழர் ஓட்டு ஹாரோவைத் தீர்மானிக்குமா?
– வாசகர், சிவாஜி நகர்

தனியாகத் தீர்மானிக்காது. ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உமா குமரன் 2015-ல் ஹாரோ ஈஸ்ட்டில் லேபர் சார்பில் நின்று கன்சர்வேடிவ் கட்சியின் பாப் பிளாக்மேனிடம் தோற்றார். 2024-ல் ஸ்ட்ராட்ஃபர்ட் அண்ட் போ தொகுதியில் ஜெயித்து எம்.பி. ஆனார். பிளாக்மேன் 2010-லிருந்து ஹாரோ ஈஸ்ட்டை விடவில்லை, கட்சி கவிழ்ந்த 2024-லும் விடவில்லை. அங்கே குஜராத்திக் குடும்பங்கள் அதிகம், அவர்களிடம் அவருக்குச் செல்வாக்கு உண்டு. வேட்பாளர் மாறாதவரை அடுத்த முறையும் அந்த இடம் அவர் பக்கம்தான் என்பது என் கணிப்பு, ஹாரோ வெஸ்ட் லேபரிடமே இருக்கும்.

இந்த மாதிரி விவாதம் நமக்கு ஏன் இல்லை?
– குடியிருப்போர் சங்க உறுப்பினர், கே.ஆர். புரம்

முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது, பெங்களூரில் சில சங்கங்கள் வேட்பாளர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டிருக்கின்றன. போதாது. மாநகராட்சித் தேர்தல் 2015-ல் நடந்தது, கவுன்சிலர்கள் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது, அதற்கப்புறம் வருஷக்கணக்கில் வார்டுக்குக் கேள்வி கேட்க ஆளே இல்லாமல் போனது. ஏரி நிரம்பி வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் யாரிடம் போவது? சார், உங்கள் சங்க ஹாலிலேயே நடத்துங்கள். எல்லாக் கட்சிக்கும் எழுத்தில் அழைப்பு, கேள்வி முன்கூட்டியே சீட்டில், ஆளுக்கு இரண்டு நிமிஷம். கன்னடம், தமிழ், தெலுங்கு என்று எந்த மொழியில் கேட்டாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிவை இங்கிருந்து எப்போது பார்க்கலாம்?
– அதே அல்சூர் அம்மா

அங்கே இரவு 10 மணிக்கு ஓட்டுப்பதிவு முடிந்த நொடியில் கணிப்பு வரும். கோடைக்காலத் தேர்தல் என்றால் நமக்கு அப்போது அதிகாலை 2.30. ஹாரோ முடிவு வர இன்னும் சில மணி நேரம் ஆகும், காபி போட்டுக்கொண்டு நிதானமாக எழுந்து பாருங்கள்.