வீட்டில் இனித்த கிட்டார் மண்டபத்தில் மங்குவது ஏன்?

கேள்வி: வணக்கம் அண்ணா. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில், பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடு ஒன்றில் குடியிருக்கிறோம். என்னிடம் 20 வாட் டிரான்சிஸ்டர் ஆம்பும் (ஒலிபெருக்கி), ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன் பெடலும், தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஏழு ஸ்லைடர் கொண்ட ஈக்குவலைசர் பெடலும் இருக்கின்றன. மூன்றரை மீட்டர் நீளமுள்ள படுக்கையறையில், அடுத்த வீட்டு ஆயாவுக்குத் தொந்தரவு இல்லாதபடி மெதுவாக வைத்து வாசிக்கிறேன். ஈக்குவலைசரின் இரு ஓரங்களையும் ஏற்றி நடுவை இறக்கினால் ஒலி மிக இனிமையாக இருக்கிறது. ஆனால் ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் ஜி சுரத்தை வாசிக்கும்போது மட்டும் அறையே உறுமுகிறது. போன மாதம் ஃபீனிக்ஸில் ஒரு கலியாணத்தில் இதே அமைப்போடு வாசித்தேன். அடியொலி (தாழ்ந்த சுரங்களின் ஒலி) குழம்பிப்போய், கிட்டார் இருப்பதே தெரியவில்லை என்று குழுவினர் சொன்னார்கள். கோளாறு பெடலிலா, என்னிடமா?

பதில்: பெடல் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் காதும் கெட்டுவிடவில்லை. மெதுவான ஒலியில், சிறிய அறையில், தனியாக வாசித்துச் செய்த அமைப்பை உரத்த ஒலியில், பெரிய மண்டபத்தில், குழுவோடு பயன்படுத்தியிருக்கிறீர்கள். இந்த மூன்று மாற்றங்களும் தனித்தனியே ஒலியைக் கெடுக்கக்கூடியவை. உங்களுக்கு மூன்றும் ஒரே இரவில் சேர்ந்து வந்திருக்கின்றன.

முதலில் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் வாசிக்கும் பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். ஒலி மெதுவாக இருக்கும்போது மனிதக் காதுக்கு அடியொலி சரியாகக் கேட்பதில்லை. 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து வெளியிட்டார்கள். இன்று ஐஎஸ்ஓ 226 என்ற பன்னாட்டுத் தரநிலையில் அதன் திருத்தப்பட்ட அளவுகள் உள்ளன. அதன்படி 1000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 1000 அதிர்வுகள்) ஒலி ஒன்று 40 டெசிபலில் (ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு) கேட்கிறது என்றால், 100 ஹெர்ட்ஸ் ஒலி அதே உரப்பில் கேட்பதற்குச் சுமார் 64 டெசிபல் தேவைப்படும். அதாவது 24 டெசிபல் கூடுதல். அதே 1000 ஹெர்ட்ஸ் ஒலியை 80 டெசிபலுக்கு உயர்த்தினால், 100 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 92 டெசிபல் போதும். கூடுதல் தேவை 12 டெசிபலாகச் சுருங்கிவிடுகிறது. நீங்கள் படுக்கையறையில் வாசிப்பது இவ்விரண்டு எல்லைகளுக்கும் நடுவே எங்கோ இருக்கும். கலியாண மண்டபமோ மேல் எல்லையை ஒட்டியோ அதைத் தாண்டியோ இருக்கும்.

ஆகவே, வீட்டில் அடியொலி போதவில்லை என்று ஈக்குவலைசரின் அடி ஓரமான 100 ஹெர்ட்ஸ் ஸ்லைடரை நீங்கள் ஏற்றியபோது, ஆம்பின் குறையை அல்ல, காதின் இயல்பைத்தான் ஈடுசெய்தீர்கள். மண்டபத்தில் ஒலி உயர்ந்ததும் காது தானாகவே அடியொலியைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது, ஸ்லைடர் மட்டும் மேலேயே நிற்கிறது. இதில் மின்திறன் கணக்கும் ஒன்று உண்டு. 10 டெசிபல் ஏற்றம் என்பது அந்த அதிர்வெண்ணில் பத்து மடங்கு மின்திறன். 20 வாட் ஆம்ப் ஒன்று மண்டபத்துக்காக முழு மூச்சோடு உழைக்கும்போது, அடியொலிக்கு மட்டும் பத்து மடங்கு கேட்டால் அது எங்கிருந்து கொடுக்கும்? அதன் எல்லை முட்டிப்போய், அடியொலியோடு சேர்த்து மற்ற சுரங்களையும் நசுக்கிவிடும். பழுதுபார்க்க என் மேசைக்கு “ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது” என்று கொண்டுவரப்படும் சிறிய ஆம்ப்கள் சிலவற்றில் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு புதிதுபோல் இருக்கும். அடியொலியைக் கூட்டும் பேஸ் குமிழ் மட்டும் பத்தில் நின்றிருக்கும்.

இனி அந்த உறுமும் ஜி. அறையின் நீளத்தை நீங்கள் எழுதியது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் விடை அந்த எண்ணிலேயே இருக்கிறது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி போய்த் திரும்பும் தொலைவு 7 மீட்டர். 343-ஐ 7-ஆல் வகுத்தால் 49 ஹெர்ட்ஸ். அதுதான் உங்கள் அறை தன் நீளவாக்கில் ஒத்ததிரும் முதல் அதிர்வெண். கிட்டாரின் திறந்த ஆறாம் தந்தியே 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குவதால் 49 உங்களைத் தொடாது. ஆனால் அதன் இருமடங்கு 98. ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டிலுள்ள ஜி சுரத்தின் அதிர்வெண் துல்லியமாக அதே 98 ஹெர்ட்ஸ்! ஆகவே அந்தச் சுரத்தை உங்கள் ஆம்போடு சேர்ந்து அறையும் வாசிக்கிறது. நீங்கள் ஏற்றிவைத்திருக்கும் 100 ஹெர்ட்ஸ் ஸ்லைடரும் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஆம்பைக் கூடத்துக்குத் தூக்கிச் சென்று வாசித்துப் பாருங்கள். உறுமல் வேறொரு சுரத்துக்கு நகர்ந்திருக்கும், அல்லது காணாமலே போயிருக்கும்.

இதற்கு முதல் மருந்து ஈக்குவலைசர் அல்ல, இடமாற்றம். 98 ஹெர்ட்ஸ் அலையின் அழுத்தம் இரு ஓரச் சுவர்களிலும் அறையின் நட்டநடுவிலும் உச்சமாகவும், நீளத்தின் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் மிகக் குறைவாகவும் இருக்கும். உங்கள் அறைக்கு அது சுவரிலிருந்து சுமார் 87 சென்டிமீட்டர். ஆம்பை மூலையிலிருந்து விலக்கி, ஓரச் சுவரிலிருந்து அந்தத் தொலைவில் ஒரு நாற்காலியின்மேல் வையுங்கள். நீங்கள் எதிர்ச் சுவரிலிருந்து அதே தொலைவில் உட்காருங்கள். தரையிலிருந்து தூக்கி வைப்பதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஸ்பீக்கரின் மேலொலி கைவிளக்கின் ஒளிபோல் நேராகச் செல்வது. ஆம்ப் தரையில் இருந்தால் அது உங்கள் முழங்காலைத்தான் அடையும், காதுக்கு வருவது மந்தமான மிச்சம் மட்டுமே. அந்த மந்தத்தைப் போக்க நீங்கள் ட்ரெபிளை (மேலொலியை) ஏற்றுவீர்கள். மண்டபத்தில் ஆம்புக்கு நேர் எதிரே இருப்பவர்களின் காது குத்தும். மேலும், சுவரையும் தரையையும் எளிதில் கடந்து அடுத்த வீட்டுக்குப் போவது அடியொலிதான். பொதுச் சுவரிலிருந்து ஆம்பை விலக்கி, 100 ஹெர்ட்ஸை இறக்கினால், ஆயாவுக்கு நிம்மதியும் உங்களுக்கு இன்னும் கொஞ்சம் வால்யூமும் கிடைக்கும்.

இடத்தைச் சரிசெய்த பிறகே பெடலுக்கு வாருங்கள். ஏழு ஸ்லைடர் பெடல்களில் மிகப் பழக்கமானது 1981-இல் வெளிவந்த, பாஸ் நிறுவனத்தின் ஜிஇ-7. அதன் ஸ்லைடர்கள் 100, 200, 400, 800, 1600, 3200, 6400 ஹெர்ட்ஸில் நிற்கின்றன, ஒவ்வொன்றையும் 15 டெசிபல் வரை ஏற்றலாம், இறக்கலாம். உங்களுடையதும் பெரும்பாலும் இதே வரிசையில்தான் இருக்கும். எல்லாவற்றையும் நடுக்கோட்டில் வைத்துவிட்டு, 400-ஐ மட்டும் ஒருமுறை உச்சிவரை ஏற்றி ஒரு கார்டை வாசியுங்கள்: கிட்டாரை அட்டைப்பெட்டிக்குள் வைத்து வாசித்ததுபோல் கேட்கும். அந்தக் குணத்தைக் காதில் பதித்துக்கொண்டு ஸ்லைடரை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து 200: கம்பளி போர்த்தியதுபோல் கதகதப்பு, கூடினால் சேறு. 800-இல் மூக்கால் பாடுவதுபோன்ற ஒரு குரல். தனியாகக் கேட்டால் அழகில்லை, ஆனால் அதை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும். 1600-இல் பிக் தந்தியைத் தொடும் கடி. 3200-இல் கூர்மை. 6400-ஐப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: கிட்டார் ஸ்பீக்கர்களின் ஒலி 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடுவதால், அதை ஏற்றினால் இசையைவிட இரைச்சலே அதிகம் கூடும். ஹெட்ஃபோனில் வாசிக்கும் இரவுகளில் மட்டும் அதை நன்றாக இறக்குங்கள், ஏனென்றால் ஹெட்ஃபோன் துளையில் ஸ்பீக்கரின் குணத்தைப் போலச் செய்யும் வசதி இல்லாத ஆம்ப்களில் டிஸ்டார்ஷனின் சுரண்டல் முழுவதும் அப்படியே காதுக்கு வந்துவிடும்.

இப்படிக் கேட்டுப் பழகியபின், பிடிக்காததை 3 அல்லது 4 டெசிபல் இறக்குவதே முதல் வேலையாக இருக்கட்டும். பிடித்ததை ஏற்றுவது அதற்குப் பிறகு. ஏற்றும்போது ஒட்டுமொத்த ஒலியும் கூடிவிடுகிறது, கூடிய ஒலி எப்போதுமே நல்ல ஒலிபோல் தோன்றி நம்மை ஏமாற்றிவிடுகிறது. பெடலை அணைத்தாலும் போட்டாலும் உரப்பு ஒரே அளவில் இருக்கும்படி, மொத்த உரப்பை மாற்றும் லெவல் ஸ்லைடரைச் சரிசெய்துகொண்டு, அதன் பிறகே எது நன்று என்று தீர்மானியுங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். இந்த ஒன்றைச் செய்யாமல் எடுத்த முடிவு எதையும் நம்ப வேண்டாம்.

இரு ஓரமும் மேடு, நடுவில் பள்ளம் என்ற உங்கள் வடிவத்துக்கு வருவோம். ஃபெண்டர், மார்ஷல் நிறுவனங்களின் வகை ஆம்ப்களில் பேஸ், மிடில், ட்ரெபிள் மூன்றையும் 5-இல் வைத்தால் ஒலி சமமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மின்சுற்று அப்படி அமைந்ததல்ல. குமிழ்கள் நடுவில் நிற்கும்போதே இடையொலியில் ஒரு பள்ளம் இருக்கும், ஒரு குமிழைத் திருப்பினால் மற்றவற்றின் வேலையும் சற்று மாறும். ஃபெண்டர் வகையில் ஏறக்குறையச் சமமான ஒலி வேண்டுமானால் பேஸையும் ட்ரெபிளையும் பூச்சியத்தில் வைத்து மிடிலை 10-க்கு ஏற்ற வேண்டும். பல சிறிய ஆம்ப்களும் இந்த வழியையே பின்பற்றுகின்றன. ஆகவே, ஏற்கனவே பள்ளமிருந்த இடத்தில் நீங்கள் ஈக்குவலைசரால் இன்னும் ஆழமாகத் தோண்டியிருக்கிறீர்கள். கிட்டாரின் முதல் தந்தியில் 22-ஆம் ஃப்ரெட்கூட ஏறக்குறைய 1175 ஹெர்ட்ஸ்தான். கிட்டாரின் குரல் குடியிருப்பதே அந்தப் பள்ளத்துக்குள். தனியாக வாசிக்கும்போது இரு ஓரங்களும் சேர்ந்து நிறைவாகத் தோன்றும். குழுவிலோ, அடி ஓரத்தை பேஸ் கிட்டாரும் டோலக்கும் கீபோர்டின் இடது கையும் எடுத்துக்கொள்கின்றன, மேல் ஓரத்தை டிரம்ஸின் சிம்பல் மூடிவிடுகிறது. உங்களுக்கென்று மிச்சமிருந்த நடுப்பகுதியை நீங்களே காலிசெய்துவிட்டீர்கள்.

டிஸ்டார்ஷனைப் பயன்படுத்தும்போது, ஈக்குவலைசர் அதற்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது ஸ்லைடர்களைவிடப் பெரிய கேள்வி. முன்னால் வைத்தால் எந்தச் சுரம் எவ்வளவு கரகரக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். பின்னால் வைத்தால், கரகரத்து முடிந்த ஒலியின் நிறத்தை மட்டும் மாற்றும். உள்ளங்கையால் ஆறாம் தந்தியை அடக்கி வாசிக்கும்போது ஒலி கொழகொழவென்று இருந்தால், முன்னால் வைத்து 100-ஐயும் 200-ஐயும் இறக்குங்கள். அடித்தந்தி உடனே இறுகும். மேலே தேனீக்கூட்டம்போல் இரைந்தால், பின்னால் வைத்து 3200-ஐ இறக்குங்கள். ஆம்பின் சொந்த டிஸ்டார்ஷனைப் பயன்படுத்துவதானால், பின்புறத்தில் செண்ட், ரிட்டர்ன் என்று இரண்டு துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்து, ஈக்குவலைசரை அவற்றுக்கு இடையே இணைக்கலாம். இல்லையென்றால் உங்கள் டிஸ்டார்ஷன் பெடலுக்குப் பின் ஈக்குவலைசர், அதன்பின் ஆம்பின் சுத்தமான சேனல் என்ற வரிசையே போதும்.

மின்தடை நேரத்தில் இன்வெர்ட்டரில் வாசிக்கும்போது ஆம்ப் ரீங்கரித்தால், அதை ஈக்குவலைசரால் அடக்க முயல வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரைச்சல் 100, 150 என்று கிளைத்து மேலே போகும், தூய சைன் அலை தராத மலிவான இன்வெர்ட்டரில் அந்தக் கிளைகள் இன்னும் பெருகும். ஸ்லைடரால் அவற்றை வெட்டினால் கிட்டாரும் கூடவே வெட்டுப்படும். பெடல்களைப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் பிக்கப் ஒற்றைச் சுருள் கொண்டது என்றால் ஆம்பிலிருந்து சற்றுத் தள்ளித் திரும்பி உட்காருங்கள்.

அடுத்த கலியாணத்துக்கு இரண்டு அமைப்புகள் வேண்டும், ஒன்று போதாது. வீட்டுக்கு 100-இல் 4 டெசிபல் இறக்கம், மற்றவை நடுவை ஒட்டி. மண்டபத்துக்கு 100-இல் 3, 200-இல் 2 இறக்கம், 800-இல் 3 ஏற்றம், மீதி நடுவில் என்று தொடங்குங்கள். அதைத் தனியாக வாசித்துத் தீர்மானிக்காதீர்கள். குழு முழுவதும் ஒரு பாட்டை வாசித்துக்கொண்டிருக்கும்போது, மேடையை விட்டு இறங்கி, நீளமான கேபிளோடு ஏழெட்டு அடி தள்ளி நின்று கேளுங்கள். கிட்டார் கேட்கவில்லையென்றால் வால்யூமைத் தொடுவதற்கு முன் 800-ஐயோ 1600-ஐயோ இன்னும் 2 டெசிபல் ஏற்றுங்கள். சரியாக அமைந்ததும் ஒவ்வொரு ஸ்லைடரின் பக்கத்திலும் அக்காவின் நகப்பூச்சால் ஒரு சிறு புள்ளி வையுங்கள்: வீட்டுக்கு ஒரு நிறம், மண்டபத்துக்கு வேறொரு நிறம். இருட்டான மேடையில், அடுத்த பாட்டு தொடங்குவதற்கு முன், அந்தப் புள்ளிகளைப் பார்த்து ஸ்லைடர்களை நகர்த்திவிடலாம்.