பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் படிக்காத பொண்ணு சிஎஸ்இ எடுக்கலாமா?

வணக்கம் அம்மா.

நீங்கள் எழுதியதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பயோ-மேத்ஸ் குரூப்பில் படித்த உங்கள் மகள் சிஎஸ்இ, அதாவது கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங், சேர்ந்தால் தாக்குப்பிடிப்பாளா? ஏஐ வந்த பிறகு அந்தப் படிப்புக்கு மதிப்பு இருக்குமா? ரிசல்ட் வந்த நாளிலிருந்து மஞ்சக்குப்பத்துப் பெற்றோரும் லாஸ்பேட்டைப் பெற்றோரும் என்னிடம் இதையேதான் கேட்கிறார்கள்.

முதல் கேள்விக்குப் பதில், தாராளமாகச் சேரலாம். கணிதம் 96, இயற்பியல் 92, வேதியியல் 90 என்று எழுதியிருக்கிறீர்கள். கணிதம் அப்படியே 96, மற்ற இரண்டும் பாதியாகி 46, 45. ஆக 200-க்கு 187 கட்-ஆஃப். இதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மார்க்குக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் படித்த பிள்ளைகளுக்கு முதல் செமஸ்டரில் கொஞ்சம் சுலபமாக இருக்கும், அவ்வளவுதான். காலேஜில் எல்லாவற்றையும் முதலிலிருந்துதான் தொடங்குவார்கள். இரண்டாம் வருடம் வரும் பாடங்களில் அந்த முன்னேற்பாடு பெரிதாகக் கைகொடுக்காது. கணக்கு போடும் புத்திதான் கைகொடுக்கும்.

ஏன் என்று புரிய, இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். முதலில் மெஷின் வந்தது, அதை ஓட்டக் கற்றுக்கொடுக்க ஒரு கோர்ஸ் வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடந்தது தலைகீழ். 1928-இல் டேவிட் ஹில்பர்ட் என்ற ஜெர்மன் கணித மேதை ஒரு கேள்வியை முன்வைத்தார். எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும், அது நிரூபிக்கக்கூடியதா இல்லையா என்று சொல்லிவிடும் ஒரு பொதுவான வழிமுறை உண்டா? அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், ‘வழிமுறை’ என்றால் என்ன என்று முதலில் வரையறுக்க வேண்டும் இல்லையா? அதுவரை யாரும் அதைத் துல்லியமாகச் செய்யவில்லை.

1936-இல், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஆலன் டூரிங் அதைச் செய்தார். ஒரு ஆள் பேப்பரும் பென்சிலும் வைத்துக் கணக்குப் போடும்போது என்னதான் செய்கிறார்? ஒரு கட்டத்தில் இருக்கும் குறியைப் பார்க்கிறார். அடுத்து என்ன என்று மனதில் ஒரு நிலை இருக்கிறது. அதற்கேற்பக் குறியை அழித்து வேறொன்றை எழுதுகிறார், பக்கத்துக் கட்டத்துக்குப் போகிறார். எத்தனை பெரிய கணக்கையும் இந்தச் சின்ன வேலைகளாக உடைத்துவிடலாம் என்றார் டூரிங். அப்படி உடைத்ததும் இரண்டு விஷயங்கள் கிடைத்தன. விதிகளையும் தாளிலேயே எழுதிக்கொடுத்தால், ஒரே ஒரு எந்திரம் எந்த வேலையையும் செய்யும். இன்று ஒரே செல்போனில் ஜிபேயும் யூடியூபும் ஓடுவதற்கு அடிப்படை அதுதான். இரண்டாவது, எத்தனை திறமையான எந்திரத்தாலும் தீர்க்கவே முடியாத கேள்விகள் இருக்கின்றன. எந்த ப்ரோக்ராமைக் கொடுத்தாலும் அது எப்போதாவது நிற்குமா, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று தப்பாமல் சொல்லும் ப்ரோக்ராமை யாராலும் எழுத முடியாது. அலான்சோ சர்ச் என்ற அமெரிக்கரும் அதே வருடம் வேறு வழியில் ஹில்பர்ட்டின் கேள்விக்கு அதே பதிலைக் கண்டார்: அப்படியொரு பொது வழிமுறை கிடையாது.

இத்தனையும் நடந்தபோது நாம் இன்று கம்ப்யூட்டர் என்று சொல்லும் பொருள் உலகில் எங்குமே இல்லை. 1937-இல் கிளாட் ஷானன் தன் எம்.எஸ். ஆய்வேட்டில், சரி-தவறு என்ற தர்க்கக் கணக்கை எலக்ட்ரிக் ரிலே சுவிட்சுகளால் செய்யலாம் என்று காட்டினார். எனியாக் என்ற ராட்சத எந்திரம், சுமார் 18,000 வால்வுகளோடு, 1946-இல்தான் உலகத்தின் கண்ணில் பட்டது. அதற்கு முதலில் ப்ரோக்ராம் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அவர்களில் பெட்டி ஹோல்பர்ட்டன் காலேஜில் படித்தது பத்திரிகைத் துறை! ‘பொண்ணுக்கு இது சரிவருமா’ என்று கேட்ட உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்.

தனித்துறை என்ற அந்தஸ்து இன்னும் தாமதமாக வந்தது. கேம்பிரிட்ஜில் 1953-இல் ஒரு டிப்ளமோ தொடங்கியது. அமெரிக்காவில் 1962-இல் பர்டியூ பல்கலைக்கழகம் தனித்துறையே தொடங்கியது. நம் நாட்டில் டாடா ஆராய்ச்சி நிறுவனம் சொந்தமாகக் கட்டிய டிஃப்ராக் என்ற கம்ப்யூட்டர் 1960-இல் இயங்கியது. கான்பூர் ஐஐடிக்கு 1963-இல் ஐபிஎம் எந்திரம் வந்தது. அதனால் முதல் தலைமுறை கம்ப்யூட்டர் ஆட்கள் யாருமே கம்ப்யூட்டர் படித்தவர்கள் கிடையாது. கணிதம், இயற்பியல், எலக்ட்ரிக்கல் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். சித்தூர் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்த ராஜ் ரெட்டி 1958-இல் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் முடித்தது சிவில். ஏஐ ஆராய்ச்சிக்காக 1994-இல் டூரிங் விருது வாங்கினார். இந்தத் துறையில் அதற்கு மேல் விருது இல்லை.

சரி, உங்கள் மகளுக்கு இது பிடிக்குமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? செல்போனை நோண்டுவதை வைத்து முடிவுசெய்யாதீர்கள். டிவி பார்க்கிறவர்கள் எல்லோரும் டிவி மெக்கானிக் ஆவதில்லை. வீட்டுக்காரர் பிஸ்கட் ஏஜென்சி வண்டியில் லைனுக்குப் போகிறார் என்று எழுதியிருந்தீர்களே, அதையே எடுத்துக்கொள்வோம். கடலூரில் கிளம்பி நெல்லிக்குப்பம், பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம், சிதம்பரம், குறிஞ்சிப்பாடி ஆகிய ஆறு ஊருக்கும் சரக்குப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். எந்த வரிசையில் போனால் டீசல் குறையும்? ஆறு ஊரை 720 விதமாக வரிசைப்படுத்தலாம். பொறுமை இருந்தால் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். ஊர் 15 ஆனால்? சுமார் 1.3 லட்சம் கோடி விதம். நொடிக்குப் பத்து லட்சம் வரிசையைச் சரிபார்க்கும் கம்ப்யூட்டருக்கே 15 நாள் ஆகும். இன்னும் ஐந்து ஊர் சேர்த்து 20 ஆக்கினால், அதே கம்ப்யூட்டர் எழுபதாயிரம் வருடத்துக்கு மேல் ஓட வேண்டும்.

ஆக, மெஷினின் வேகம் நம்மைக் காப்பாற்றாது, யோசனைதான் காப்பாற்றும். கெட்டிக்காரத்தனமான வழிகள் உண்டு. மிகச் சிறந்தது இல்லாவிட்டாலும் அதற்குப் பக்கத்தில் வரும் வழியைச் சட்டென்று கண்டுபிடிக்கும் முறைகளும் உண்டு. ஆனால் ஊர் எத்தனை இருந்தாலும் மிகச் சிறந்த வழியை எப்போதும் வேகமாகத் தரும் முறை ஒன்று இருக்கிறதா? 1971-இல் ஸ்டீபன் குக் இந்த மாதிரிக் கணக்குகளின் குணத்தை எடுத்துக்காட்டியதிலிருந்து அது தீராத கேள்வி. விடை சொல்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு 2000-லிருந்து காத்திருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பது இதுதான். கோடிங் அதற்கு வேண்டிய கைப்பழக்கம்.

இந்தக் கணக்கை மகளிடம் கொடுங்கள். விடை முக்கியமில்லை. ‘பக்கத்து ஊருக்கே முதலில் போனால் என்ன?’ என்று ஆரம்பித்து, அது எங்கே சொதப்பும் என்று அவளாகவே தேடினால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுங்கள். பத்து நிமிடத்தில் சலித்துவிட்டால் அதில் தப்பொன்றும் இல்லை. சிவில், பயோடெக் என்று அவளுக்கு வழி நிறைய இருக்கிறது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் எடுக்கிறார்கள் என்று அவளும் எடுக்க வேண்டாம்.

ஏஐ பற்றி. அது வெளியிலிருந்து வந்து இந்தத் துறையை விழுங்கும் பூதம் இல்லை. நரம்பணு எப்படிக் கணக்கிடலாம் என்று மெக்கல்லக், பிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதியது 1943-இல். எந்திரம் சிந்திக்குமா என்று டூரிங் கேட்டது 1950-இல். செயற்கை நுண்ணறிவு என்று பெயர்வைத்து அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஆய்வாளர்கள் கூடியது 1956-இல். எல்லாம் இதே துறைதான். ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். சொன்னதை அப்படியே டைப் செய்து தரும் அளவுக்கு மட்டும் கோடிங் தெரிந்தால் இனி போதாது. ஏஐ எழுதித் தந்த ப்ரோக்ராம் சரியா, எங்கே உடையும், லட்சம் பேர் பயன்படுத்தினால் தாங்குமா என்று பார்க்கத் தெரிய வேண்டும். அது வருவது டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், டிஸ்க்ரீட் மேத்ஸ், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் ஆகிய பாடங்களிலிருந்து. பிள்ளைகள் ‘தியரி, போர்’ என்று பாஸ் மார்க் மட்டும் வாங்கி ஒதுக்குவதும் இவற்றைத்தான்.

அதனால் ஐடி, ஏஐ-டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்ற பலகைகளைப் பார்த்து மயங்காதீர்கள். சிலபஸை இறக்கிப் பாருங்கள். மேலே சொன்ன ஐந்து பாடங்களும் ஒழுங்காக இருந்தால் எந்தப் பெயரானாலும் சரி. சாதாரண சிஎஸ்இ கிடைத்தால் என் ஓட்டு அதற்குத்தான். நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், லேப் மாலையில் திறந்திருக்குமா என்று காலேஜுக்கு நேரில் போய்க் கேளுங்கள். பண்ருட்டியில் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியும் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் வீட்டிலிருந்தே போய்வரும் தூரம்தான். புதுச்சேரியும் பக்கம்தான், ஆனால் முள்ளோடையைத் தாண்டினால் வேறு அரசு. அங்கே சென்டாக் என்ற அரசு சேர்க்கை அமைப்பின் வழி கிடைக்கும் இடங்களுக்கு அந்த ஊர் இருப்பிடச் சான்று கேட்பார்கள். கணிதத்தின் மேல் நிஜமாகவே வெறி இருக்கிறது என்றால் சிறுசேரி சென்னை கணிதவியல் நிறுவனத்தில் கணிதமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்ந்த பி.எஸ்சி. உண்டு. தனி நுழைவுத்தேர்வு, கஷ்டமாகத்தான் இருக்கும்.

அப்புறம், எழுபதாயிரத்துக்கு லேப்டாப் இப்போதே வாங்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சேர்ந்த பிறகு சீனியர்களிடம் கேட்டு வாங்கலாம். முதல் வருடப் பாடத்துக்குச் சாதாரண மெஷினே போதும்.